அஞ்சுக்கு அஞ்சு பொருந்தினா போதுமா?

2017-ல செர்னின் எல்ஹெச்சிபி குழு, ஒமேகா-சி பாரியானின் ஐந்து கிளர்நிலைகளை ஒரே கட்டுரையில் அறிவித்தது. நிறைகள் சுமாராக 3000, 3050, 3066, 3090, 3119 மெகா எலக்ட்ரான் வோல்ட். கார்லினர், ரோஸ்னர் இருவரும் உடனே கொடுத்த விளக்கம்தான் பரவலாகச் சொல்லப்படுது.

அது இதுதான். ஒமேகா-சியில் ஒரு சார்ம் குவார்க், ரெண்டு ஸ்ட்ரேஞ்ச் குவார்க். ஸ்ட்ரேஞ்ச் ஜோடி ஒரே மாதிரி துகள்கள் என்பதால் அதன் ஸ்பின் 1. சார்மின் 1/2-ஐச் சேர்த்தால் 1/2 அல்லது 3/2. ஜோடியும் சார்மும் சுற்றும் கோண உந்தம் 1 என்று வைத்துக் கூட்டிப் பாருங்க: முதலாவதிலிருந்து 1/2, 3/2, ரெண்டாவதிலிருந்து 1/2, 3/2, 5/2. மொத்தம் ஐந்து. பார்த்ததும் ஐந்து!

அழகாத்தான் இருக்கு. ஆனா இது பலவீனமான சான்று. பழைய டேபிள்ல 5 வரிசை, புதுசுலயும் 5 வரிசைன்னு மட்டும் பார்த்துட்டு எந்த டேட்டாபேஸ் மாற்றத்துக்கும் ஒப்புதல் கொடுக்க மாட்டோம். வரிசைக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும். இங்கே அது ஸ்பின். 2017 அளவீட்டில் நிறையும் அகலமும்தான் கிடைச்சது, ஸ்பின் இல்லை.

கார்லினர்-ரோஸ்னர் கட்டுரையிலேயே மாற்று வழியும் இருக்கு: மேலே உள்ள ரெண்டும் ஆரத்திசைக் கிளர்வுகளாக இருக்கலாம். அப்படின்னா 3000-க்குக் கீழே இன்னும் ரெண்டு நிலைகள் வேணும். மேற்கோள் காட்டுறவங்க இதை விட்டுடறாங்க. கிம், பாலியகோவ், பிரசாலோவிச் மூவரும் மிகக் குறுகலான 3050, 3119 இரண்டையும் பென்டாகுவார்க் என்றார்கள். ஆக, ஒரே ஐந்து எண்களுக்கு மூணு கதை.

உண்மையான சோதனை 2021-ல் வந்தது. ஒமேகா-பி சிதைவில் அதே குழு முதல் நான்கு நிலைகளைப் பார்த்தது, 3119 தெரியலை. ஒமேகா-பியின் ஸ்பின் 1/2 என்று எடுத்துக்கிட்டா, ஸ்பின் 1/2 நிலையின் சிதைவுக் கோணப் பரவல் தட்டையா இருக்கணும், அதைவிட அதிகம்னா வளையணும். நான்கும் வரிசையாக 1/2, 1/2, 3/2, 3/2 என்ற கருதுகோளை, அதாவது அந்தப் பிரபலமான வரிசையை, தரவு 3 சிக்மாவுக்கு மேல் நிராகரித்தது.

இதனால் குவார்க் மாதிரியே தப்புன்னு அர்த்தமில்லை. வரிசை மாறியிருக்கலாம், சில நிலைகள் வேறு வகையாவும் இருக்கலாம். 3119-இன் ஸ்பின் 5/2 என்று அளக்கப்பட்டால் முதல் விளக்கத்துக்கு நிஜமான பலம். அதுவரை "ஐந்தும் விளங்கிடுச்சு"ன்னு எழுதுறது அவசரம்.