சிவப்பழகு என்ற சொல்

'பொண்ணு சிவப்பா?' என்று கேட்பவர் செம்பருத்தியின் நிறத்தைக் கேட்பதில்லை, வெளுப்பைக் கேட்கிறார். அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு விளம்பரத் தமிழ் 'சிவப்பழகு' என்றது. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. சொல் மட்டும் திருச்சியின் வரன் விளம்பரங்களிலும் பார்லர் பலகைகளிலும் அப்படியே இருக்கிறது. (ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான். இங்கே தைலக்காப்பு கண்டு பள்ளிகொண்டிருக்கும் பெருமாள் கருத்தவர்.)

என் கவலை அந்தப் பழைய க்ரீமைப் பற்றியதல்ல. அதில் ஸ்டீராய்டு கிடையாது. நான் சொல்வது ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் சேர்ந்த களிம்பை. மங்குக்காகச் சில வாரங்களுக்கு மட்டும் தோல் மருத்துவர் எழுதித் தருவது. அக்கா தங்கைக்குத் தருகிறாள், பார்லரில் சொல்கிறார்கள், மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கிறது. ஸ்டீராய்டு முதலில் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. முகம் வெளுத்து, வழவழவென்று ஆகிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, குழாய்கள் விரிந்து, பருவும் முடியும் வருகின்றன. நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரிந்து சிவக்கிறது. எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுகிறாள். சிவப்பு கேட்டவளுக்குச் சொல்லுக்குச் சொல் சிவப்பே கிடைத்துவிடுகிறது.

2011இல் வெளியான ஒரு பல மைய ஆய்வில், முகத்தில் தோல் கோளாறுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். 2018இல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகள் சீட்டு கட்டாயமான அட்டவணை எச்-இல் சேர்க்கப்பட்டன. சட்டம் கடையின் கல்லாவரை வந்து நின்றுவிட்டது.

எனக்கு அதிகம் உறுத்துவது 'சென்சிட்டிவ் ஸ்கின்' என்ற அடுத்த சொல். 'எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின் மேம், எதுவும் ஒத்துக்காது' என்றாள் என் மாணவி ஒருத்தி. இரண்டு வருடமாக அந்தக் களிம்பைப் பூசியவள். ட்யூப் செய்ததைத் தன் தோலின் குணமாக அவளே எடுத்துக்கொண்டிருந்தாள். பாடநூல் படங்களும் அவளுக்கு உதவவில்லை. ரோசேஷியா என்றால் வெள்ளைக் கன்னத்தில் ரோஜாச் சிவப்பையே காட்டிப் பழகியவை அவை. மாநிறத்தில் அது கருஞ்சிவப்பாகவோ வெறும் கருமையாகவோ தெரியும். 'கறுத்துட்டே' என்று வீட்டில் சொல்ல, அவள் இன்னும் கொஞ்சம் பூசுவாள். நிறத்தைப் பார்க்காமல், வெயிலில் எரிகிறதா, சூடாகிறதா, குத்துகிறதா என்று கேட்டால்தான் பிடிபடும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் பூசியதை எப்படி விடுவது, படிப்படியாகவா என்பதை அவர் சொல்வார். மென்மையான க்ளென்சர், மணமில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். ப்ளீச், ஆவி, ஸ்க்ரப், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். திருச்சி வெயிலுக்குக் குடையும் துப்பட்டாவும் உண்டு.

ஆனால் முகம் தேற மாதக்கணக்கில் ஆகும். முதல் வாரங்களில் இருந்ததைவிட மோசமாகவே தெரியும். பெண் பார்க்க வருகிற வீட்டில் அந்த மாதங்களைக் கேட்டுவாங்க வழியில்லை. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: 'தையில கல்யாணம் மேம். அதுவரைக்கும் பூசிட்டு அப்புறம் விட்டா ஆகாதா?'