கவலை: சொற்பொருளும் உரைமரபும்

முன்னுரை

நோயாளியின் நிலை கவலைக்கிடம் எனச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. தேர்வில் தோற்றவரைக் கவலைப்பட வேண்டா எனச் சுற்றத்தார் தேற்றுகின்றனர். முன்னதில் வரவிருப்பது பற்றிய ஐயமும், பின்னதில் நடந்து முடிந்தது பற்றிய வருத்தமும் 'கவலை' என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. இவ்விரண்டையும் 'துன்பம்' என்னும் ஒரு பொருளில் அடக்குவது பழைய இலக்கியங்களைப் பயில்வதற்குத் துணைபுரியுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கவர்த்த வழியும் கிழங்கும்

சங்க இலக்கியத்துள் இச்சொல் மனநிலையை மட்டும் குறிப்பதன்று. பாலைத்திணைப் பாடல்களில் அது கிளை பிரிந்த வழியைக் குறித்துப் பலவிடத்தும் வருகிறது. குறுந்தொகை 233ஆம் பாடலில் பேயனார் சுட்டும் கவலை, நிலத்தை அகழ்ந்து எடுக்கும் கிழங்காகும். அகழ்ந்த குழியில் கொன்றைப்பூ பரந்து கிடக்கும் அம் முல்லைக் காட்சியில் வருத்தத்திற்கு இடமில்லை. அகராதியின் முதற்பொருளை மட்டும் கொண்டு செல்லும் மாணவர் இவ்விடங்களில் இடர்ப்படுவது இயல்பே.

சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரிவதைச் சிவபெருமானின் சூலத்தோடு ஒப்பிட்டு உரைக்கிறான். அங்குப் பிரிதலைக் குறிக்க ஆளப்படுவது 'கவர்த்தல்' என்னும் வினையாகும். வலம், இடம், இடை என்னும் மூன்று நெறிகளின் இயல்பும் இடையூறும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே நடக்க வேண்டும். ஒலி ஒப்புமை ஒன்றே வேர் ஒற்றுமைக்குச் சான்றாகாது. ஆதலின், வழியைக் குறிக்கும் கவலையும் மனத்தைக் குறிக்கும் கவலையும் ஒரே வேரின என இங்கு முடிவு கூறப்படவில்லை. மனக்கவலையின் பொருளை அச்சொல் ஆளப்பட்ட இடங்களைக் கொண்டே துணிதல் வேண்டும்.

குறளும் பரிமேலழகரும்

கடவுள் வாழ்த்தின் ஏழாம் குறள் 'மனக்கவலை' என்னும் தொடரை ஆள்கிறது. பரிமேலழகர் அதற்கு மனத்தில் நிகழும் துன்பங்கள் எனப் பொருள் கூறி, அவற்றைப் பிறவித் துன்பத்தோடு இயைக்கிறார். அவர்தம் சமய நோக்கிற்கு இது பொருந்துவதே. எனினும், அதே அதிகாரத்தின் நான்காம் குறள் துன்பத்தை 'இடும்பை' எனக் கூறிவிட்டது. பத்தாம் குறள் பிறவியைக் கடலாக உருவகிக்கிறது. இவற்றிடையே ஏழாம் குறள் வேறொரு சொல்லைத் தேர்ந்து, அதற்கு 'மனம்' என்னும் அடையும் கொடுத்திருப்பது வேறுபொருள் கருதியதாகலாம்.

அவ்வேறுபொருள் யாதென்பதற்கு விடை பரிமேலழகரிடமே கிடைப்பது கருதத்தக்கது. கயமை அதிகாரத்தில், நன்மை அறிந்தவரைவிடக் கயவர் பேறுடையவர், அவர் நெஞ்சில் 'அவலம்' இல்லை என்னும் 1072ஆம் குறளுக்கு உரை காணுமிடத்து, 'அவலம்' என்பதற்குக் கவலை என அவர் பொருள் கொள்கிறார். நன்மை அறிந்தவர் தம் கடமைகளைச் செய்துகொண்டிருக்கும்போதே, போதிய அளவு செய்யவில்லையோ, இடையூறு நேருமோ, பழி விளையுமோ எனப் பலவாறு எண்ணுவர் என்பது அவர் தரும் விளக்கம். இவ்விளக்கத்தில் நேர்ந்துவிட்ட இழப்பு எதுவும் இல்லை. முடிவு தெரியாத செயலின் முன்னே நெஞ்சம் பல கூறாகப் பிரிந்து நிற்கும் நிலையே உள்ளது. ஏழாம் குறளுரையில் மறைந்த நுட்பம் இங்கு வெளிப்படுகிறது. மேலும், இவ்வுரையின்படி கவலை இழிவன்று, பொறுப்புணர்வின் அடையாளம். கயவரிடம் அஃது இல்லாமையே குறளின் எள்ளலுக்கு அடிப்படையாகிறது.

பாரதியின் ஆட்சி

பிற்கால வழக்கில் இத்திசை மாறுகிறது. பாரதியின் 'சென்றது மீளாது' என்னும் பாடல், கடந்ததையே எண்ணிக் கிடப்போர் வீழும் குழியாகக் கவலையை உருவகிக்கிறது. பரிமேலழகர் உரையில் வருவதை நோக்கி நின்ற சொல் பாரதியிடம் சென்றதை நோக்கித் திரும்புகிறது. அங்கு நன்மை அறிந்தவரின் பண்பாகக் கொள்ளப்பட்டது, இங்கு உதறத்தக்க மடமையாகிறது. இரண்டிற்கும் 'துன்பம்' என ஒரே பொருளெழுதினால் இம்மாற்றம் புலப்படாது.

முடிவுரை

இன்றைய உளவியல் நூல்கள் இவ்வுணர்வுக்குப் 'பதற்றம்' என்னும் சொல்லைப் பெரிதும் ஆள்கின்றன. பதறுதல் உடலிலும் வெளிப்படும் நடுக்கத்தை முதன்மைப்படுத்துவது; கவலை, தெளியாத முடிவுகளிடையே நிற்கும் நெஞ்சைக் காட்டுவது. இரண்டும் ஒன்றாகா. தமிழகத்திற்கு வெளியே அகராதியின் துணைகொண்டு தமிழ் பயில்வோருக்கும், பழைய நூல்களைப் பிறமொழிகளில் பெயர்ப்போருக்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. ஏழாம் குறளைப் பெயர்ப்போர் 1072ஆம் குறளின் உரையையும் உடன்வைத்துக் காண்பாராயின், அக்குறள் துன்ப நீக்கத்தை மட்டுமின்றி, பிளவுபட்ட மனம் ஒருநெறிப்படுதலையும் பேசுவதாகக் கொள்ள இடமுண்டு.