கதைக்குள் ஒரு வீட்டுப்பேர் வேட்டை

நாவலைப் பிரித்ததும் நான் முதலில் தேடுவது கதாநாயகனையும் அல்ல, கதாநாயகியையும் அல்ல, வீட்டுப்பேரை! இந்தப் பைத்தியம் பிடித்தால் லேசில் விடாது. விடவும் வேண்டாம், அத்தனை சுகம்.

எங்கள் பள்ளிப்பட்டில் இது ஒன்றும் விநோதமில்லை. 1960 ஏப்ரல் 1-இல்தான் நாங்கள் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். கடைத்தெருவில் தமிழ், அடுப்படியில் தெலுங்கு என்று புழங்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. புது ஆளைப் பார்த்தால் எங்கள் பெரியவர்கள் ஊர் பேர் விசாரிப்பதற்குள் "மீ இண்டிபேரு ஏமி?" (உங்கள் வீட்டுப்பேர் என்ன?) என்று கேட்டுவிடுவார்கள். இண்டிபேரு ஒன்றாக இருந்தால் பங்காளி. பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. வேறாக இருந்தால் அடுத்த கேள்வி, "பையன் என்ன படிச்சிருக்கான்?" பக்கத்துத் திருத்தணியில் 1888-இல் பிறந்த ராதாகிருஷ்ணனின் பெயருக்கு முன்னால் நிற்கும் சர்வேபள்ளியும் இண்டிபேருதான். நெல்லூர்ச் சீமையில் முன்னோர் வாழ்ந்த ஊர் அது. நேருவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய அவர் மகன் கோபாலும் சர்வேபள்ளிதான்.

எங்கள் இண்டிபேரு அபூர்வமானது. சொன்னால் எவரும் இரண்டாம் முறை கேட்பார்கள். அது எந்தக் கதையிலாவது வருகிறதா என்று பார்க்கத்தான் கிளை நூலகத்துக்குள் நுழைந்தேன். இதுவரை அகப்படவில்லை. ஆனால் தேடப்போன இடத்தில் சிக்கியவை இருக்கின்றனவே, அடடா!

பாரதி முடிக்காமலே விட்டுப்போன 'சந்திரிகையின் கதை'யைப் புரட்டுங்கள். இளம் விதவை விசாலாட்சிக்கு மறுமணம் செய்துவைக்க முன்வருகிறவர் யார் தெரியுமா? சாட்சாத் வீரேசலிங்கம் பந்துலு! தெலுங்கு நாட்டில் விதவை மறுமணத்துக்காகப் போராடிய அதே கந்துகூரி வீரேசலிங்கம். ரத்தமும் சதையுமாக வாழ்ந்த கந்துகூரிக்காரர் ஒருவர் தமிழ்க் கதைக்குள் நடமாடுவதைக் கண்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இன்னொரு ரகம். அங்கே குடும்பப்பேர் ஆளையே விழுங்கிவிடுகிறது. பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர் என்று பாகம் பாகமாகப் படித்தவர்களை நிறுத்தி, சின்னவரின் சொந்தப் பெயர் என்னவென்று கேட்டுப் பாருங்கள். காலாந்தக கண்டர் என்று டக்கென்று சொன்னால் அவருக்கு ஒரு சபாஷ்! இதில் பெரிய விஷயம், பழுவேட்டரையர் குலம் கல்கியின் கற்பனை அல்ல. அரியலூர்ப் பக்கம் பழுவூர்க் கோயில்களின் கல்வெட்டுகளில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் சிகரம் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976-இல் வந்தது. சென்னாதேவி என்ற அழகிக்கு வந்த ஆபத்துக்குப் பயந்து தெலுங்கு நாட்டை விட்டு ஓடி வந்தவர்களின் கதை. ஆற்றங்கரை மரம் வளைந்து கொடுத்து அவர்களை அக்கரை சேர்க்கிற இடத்தைப் படித்துவிட்டு அன்று சோறே இறங்கவில்லை. நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் இதைச் சொல்லச் சொல்ல, என் பாட்டி சொல்வதுபோலவே காதில் விழுகிறது. ஊரில் அந்த அம்மாளின் குடும்பத்துக்குப் பெயர் 'கோட்டையார்'. ஒற்றைச் சொல்தான், செல்வாக்கு, நீதி, பழம்பெருமை மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. கி.ரா.வின் முழுப்பெயரையும் பாருங்கள்: ராயங்கல ஸ்ரீகிருஷ்ண ராஜ நாராயண பெருமாள் ராமானுஜம். அந்த 'ராயங்கல'வை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகை வாசித்த மாதிரி இருக்கிறது!

இனிஷியலுக்குள் ஒடுங்கிப்போன நம் காலத்தில், வீட்டுப்பேர்களைப் பத்திரமாக வைத்திருப்பது கதைகள்தான் என்று சத்தியம் செய்வேன். இந்த வேட்டையில் இறங்க ஆசைப்படுகிறவர்கள் 'கோபல்ல கிராம'த்தில் தொடங்குங்கள். அதை முடித்த கையோடு, சாகித்ய அகாதெமி விருது வாங்கிய 'கோபல்லபுரத்து மக்க'ளையும் எடுத்துவிடுங்கள். எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த கதையில் ஒரே ஒரு பாத்திரத்துக்காவது உங்கள் வீட்டுப் பழைய பேரைச் சூட்டுங்கள். தேடி வந்து படிக்க எங்களைப் போன்ற ஆட்கள் இருக்கிறோம்.