பெட்டியில் வராத போர்

பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்எம்எஸ் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ 1941 டிசம்பர் 2ஆம் தேதி சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தது. 8ஆம் தேதி மாலை ‘ரிபல்ஸ்’ கப்பலோடு வடக்கே புறப்பட்டது. 10ஆம் தேதி மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. 840 பேர் இறந்தார்கள். அந்தப் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ கப்பலை இன்று 350இல் ஒரு பங்கு அளவில் தமியா நிறுவனத்தின் பிளாஸ்டிக் கிட்டாக வாங்கலாம். ஒட்டி முடித்தால் 65 சென்டிமீட்டர் நீளம். வீவக வீட்டின் டிவி அலமாரியில் அடங்கிவிடும்.

மாடல் கட்டும் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி இரண்டு பேச்சுகள் உண்டு. வளர்ந்தவர்கள் பொம்மை விளையாடுகிறார்கள் என்பது ஒன்று. போரை அழகுபடுத்துகிறார்கள் என்பது மற்றொன்று. முதலாவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இரண்டாவதில் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்கிறவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

முதலில் இந்தப் பொழுதுபோக்கின் பலத்தைப் பார்ப்போம். கப்பலின் ஓரக் கைப்பிடிக் கம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2 சென்டிமீட்டர் குழாய் 350இல் ஒரு பங்கில் 0.06 மில்லிமீட்டராகிவிடும். பிளாஸ்டிக் அச்சில் அதை வார்க்க முடியாது. அதனால் அமிலத்தால் அரித்தெடுத்த மெல்லிய பித்தளைத் தகடுகளைத் தனியாக வாங்கி, வெட்டி, மடித்து, ஒரு பொட்டு பசையில் நிறுத்துகிறார்கள். இது கைத்திறன். அதைவிடப் பெரிய விஷயம் வண்ணம். ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ பல நிறத் திட்டுகள் கொண்ட மறைப்புப் பூச்சோடு வந்தது. கிடைக்கும் படங்களோ கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்து ஃபிலிம்களில் ஒரு வகை சிவப்பைக் கறுப்பாக்கி, நீலத்தை வெளுக்கும். எந்தத் திட்டு சாம்பல், எது நீலம் என்று தீர்மானிக்க, படம் எந்த ஃபிலிமில், எந்த வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. படம் பொய் சொல்லும், படத்தின் கீழே எழுதியிருப்பதும் பொய் சொல்லும் என்று தெரிந்துகொள்ளும் பழக்கம் நம் வரலாற்றுப் பேச்சாளர்கள் பலரிடம் இல்லை. ஒரு போர்க்கப்பலுக்குப் பூச்சு அடிக்கிறவரிடம் அது இருக்கிறது.

சிங்கப்பூருக்கென்று தனித் தொல்லையும் உண்டு. லாக்கர் வார்னிஷை ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு பால் படிந்தாற்போல வெளுத்துப்போகும். மழை நாளில் ஏர்பிரஷை எடுக்காமலிருப்பது இங்கே அடிப்படைப் பாடம். சன்னலைத் திறந்தால் ஈரம், மூடினால் தின்னர் வாடை. வீட்டில் குழந்தை இருந்தால் வாடைதான் பெரிய பிரச்சினை.

பார்வை இவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அது எங்கே விழ வேண்டும் என்பதைக் கிட் பெட்டிதான் முடிவு செய்கிறது. குறை அங்கேதான். டாங்கி மாடல்களின் உலகப் பொது அளவு 35இல் ஒரு பங்கு. இதற்குப் பின்னால் ராணுவ ஆராய்ச்சி எதுவும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் தமியா தன் ஜெர்மன் பேந்தர் டாங்கிக்குள் மோட்டாரையும் பேட்டரியையும் நுழைக்க வேண்டியிருந்தது. அதற்கேற்ற உடல் அளவு 35இல் ஒரு பங்காக வந்து நின்றது. மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். எந்த வண்டி அச்சில் ஏறும் என்பதும் இப்படித்தான், விற்பனையை வைத்து. ஜெர்மனியின் டைகர் 1 டாங்கி மொத்தம் 1,347தான் கட்டப்பட்டது. சோவியத் டி-34 போர்க்காலத்தில் மட்டும் 50,000க்கு மேல். கடை அலமாரியில் டைகருக்குக் கிடைத்திருக்கும் இடத்தை மட்டும் பார்க்கிறவருக்கு, போரை நடத்தியதே அந்த 1,347 வண்டிகள்தான் என்று தோன்றும்.

கப்பலிலும் இதே கதை. 1971இல் ஷிஸுவோக்காவின் கம்பெனிகள் சேர்ந்து 700இல் ஒரு பங்கு வரிசையைக் கொண்டுவந்தன. நீர்மட்டத்துக்குக் கீழே உடலே கிடையாது. மேசையில் வைத்தால் கடலில் மிதப்பதுபோல இருக்கும். அழகான யோசனைதான். ஆனால் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ வீழ்ந்தது நீருக்குள்ளே. இடப்பக்கச் சுழலித் தண்டின் அருகே டார்பீடோ வெடித்தது. வளைந்த தண்டு சுழன்றுகொண்டே தன்னைச் சுற்றியிருந்த அடைப்புகளைக் கிழித்து, கடலை உள்ளே விட்டது. 2007இல் முக்குளிப்பாளர்கள் அந்தச் சேதத்தை நேரில் பார்த்து உறுதி செய்தார்கள். நீர்மட்ட மாடலில் அந்தத் தண்டே இல்லை. கப்பலைக் கொன்ற பாகத்தைத் தவிர மற்ற எல்லாம் பெட்டியில் இருக்கின்றன.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். புது பிளாஸ்டிக்கைப் பழசாக்குவது இந்தக் கலையின் பெருமைக்குரிய பகுதி: சேற்றுப் பொடி, எண்ணெய்க் கறை, உரிந்த வண்ணம். போட்டி மேசைகளில் கண் முதலில் அங்கேதான் போகும். ஆனால் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ படையில் சேர்ந்தது 1941 ஜனவரியில். ஓராண்டு முடிவதற்குள் போய்விட்டது. அதன் உடலெல்லாம் துரு வழிய விடுகிறவர் கப்பலைச் செய்யவில்லை, போர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற ஓவிய மரபைச் செய்கிறார். போரை அழகுபடுத்துவது என்று நான் ஒப்புக்கொள்வது இதைத்தான். துப்பாக்கி இருப்பதை அல்ல.

சிங்கப்பூரர்கள் பெட்டியை மீறும் இடம் ஒன்று உண்டு, அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கின் மேல் எனக்கு நம்பிக்கை. இஸ்ரேலிடமிருந்து வாங்கிய 72 ஏஎம்எக்ஸ்-13 இலகு டாங்கிகளில் சில 1969 தேசிய தின அணிவகுப்பில் பாடாங்கில் உருண்டபோது, இந்தச் சின்ன நாட்டுக்கும் டாங்கி உண்டு என்று வட்டாரம் அறிந்தது. 1980களில் அவற்றுக்கு டீசல் எஞ்சின் பொருத்தி, எஸ்எம்1 என்று இங்கேயே புதுப்பித்தார்கள். தமியா 2016இல் நல்லதொரு ஏஎம்எக்ஸ்-13 வெளியிட்டது. ஆனால் அது பிரெஞ்சுப் படையின் வண்டி. எஸ்எம்1 வேண்டுமென்றால் எஞ்சின் மூடியிலிருந்து பல பாகங்களைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிக் கையால் கட்ட வேண்டும். கட்டுகிறவருக்கு வழிகாட்டி நூல் அதிகமில்லை. ஆனால் தேசிய சேவையில் அந்த வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்தவர் அடுத்த புளோக்கில் இருக்கலாம். மூடி எந்தப் பக்கம் திறக்கும், கால் எங்கே இடிக்கும் என்று அவர் சொல்வார். டைகர் செய்கிறவருக்கு இன்று இந்த வசதி அநேகமாக இல்லை. இங்கே மாடல் செய்வது சாட்சியம் திரட்டுவதாகவே மாறிவிடுகிறது.

அந்த அக்கறை ஏன் 1942 வரை பின்னோக்கிப் போவதில்லை? ஜனவரி 7ஆம் தேதி மலாயாவின் சிலிம் ஆற்றருகே ஜப்பானிய டாங்கிகள் 11ஆவது இந்திய டிவிஷனைக் கிழித்துக்கொண்டு போயின. எதிரே நின்ற இந்தியச் சிப்பாய்களில் பலர் அதற்கு முன் டாங்கியைப் பார்த்ததே இல்லை. அங்கே வந்த வகைகளில் ஒன்றான டைப் 97 சி-ஹாவைத் தமியா 1970களிலேயே கிட்டாக்கிவிட்டது. எதிரே நின்ற சிப்பாயின் உருவம் பெரிய நிறுவனங்களின் பட்டியலில் அரிது. சிங்கப்பூர் விழுந்து இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17இல், 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். அடுத்த ஆண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் பாடாங்கில் இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்டார். அதன் ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நிறைய. அந்தப் பெண்களுக்குக் கவச வண்டி கிடையாது. வண்டி இல்லாத படை இந்தப் பொழுதுபோக்கின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வடிவத்தைக் காப்பது என்ற வகையில் மாடலின் மதிப்பு இப்போது கூடியிருக்கிறது, வருத்தமான காரணத்தால். குவாந்தான் கடலடியில் கிடக்கும் இரு கப்பல்களையும் பழைய இரும்புக்காக ஆண்டுக்கணக்கில் திருடுகிறார்கள். 2023 மே மாதம் மலேசிய அதிகாரிகள் ஒரு சீனப் படகைப் பிடித்தபோது அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன. அசல் கரையக் கரைய, கைப்பிடிக் கம்பி வரை சரிபார்த்த ஒரு மாடல் விளையாட்டுப் பொருளாக மட்டும் இருக்காது.

ஆனால் கப்பலை மட்டும் காத்தால் போதுமா? செம்பவாங்கில் 1938 பிப்ரவரியில் திறந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை 300 மீட்டர் நீளம். அந்தக் கடற்படைத் தளத்தில் உழைத்தவர்களில் தமிழரும் மலையாளிகளும் ஏராளம். 350இல் ஒரு பங்கில் துறையின் நீளம் 86 சென்டிமீட்டர், மனித உயரம் 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்த அளவில் தொப்பியும் சீருடையும் போட்ட மாலுமிகளின் உருவங்கள் கடையில் கிடைக்கும். தலைப்பாகையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாகக் கரையில் நிற்கும் துறைக் கூலியை மாடல் புட்டியில் கையால்தான் உருவாக்க வேண்டும். பித்தளைக் கம்பியை மடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு வார வேலை.