இருக்கிறதா என்று கேட்டதும் இணைப்பா?

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில், ஒரு பக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் 'இஃப்எக்சிஸ்ட்' சோதனைகளைக் குறித்துவைக்க அண்மையில் தனி அட்டவணை வந்திருக்கிறது. வந்த கையோடு பழைய ஏற்பாட்டுக்கு வக்காலத்தும் கிளம்பிவிட்டது. ஒரு பக்கம் இன்னொன்றைச் சார்ந்திருந்தால் அதுவும் ஒருவகை இணைப்புதானே, இதற்கு எதற்குப் புது அட்டவணை என்கிறார்கள்.

பழைய ஏற்பாட்டில் சாமர்த்தியம் இருந்தது, மறுக்கவில்லை. ஒரு தலைப்பில் பக்கம் இருந்தால் ஒன்றையும் இல்லாவிட்டால் வேறொன்றையும் வார்ப்புரு காட்டுகிறது. நாளை அந்தப் பக்கம் உருவானாலோ நீக்கப்பட்டாலோ, தேக்கிவைத்த பழைய வடிவத்தைத் தூக்கியெறிய வேண்டும். இல்லாத பக்கத்தைச் சுட்டும் சிவப்பு இணைப்பை, பக்கம் வந்ததும் நீலமாக்க இதே வேலையை, பக்க இணைப்புகளைக் குறித்துவைக்கும் 'பேஜ்லிங்க்ஸ்' அட்டவணை ஏற்கெனவே செய்துவந்தது. சோதனையையும் அதிலேயே எழுதினார்கள்.

அந்த அட்டவணையை மென்பொருள் மட்டும் படிப்பதில்லை என்பதைத்தான் மறந்துவிட்டார்கள். 'இப்பக்கத்தை இணைத்தவை', 'வேண்டிய பக்கங்கள்', யாரும் இணைக்காத பக்கங்களின் பட்டியல் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. திரைப்படத் தகவற்சட்டம் ஒன்று, அந்தந்த ஆண்டுப் படங்களுக்கான பட்டியல் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். இல்லையென்றால் எதையும் காட்டாது. அறுபது கட்டுரைகளில் வாசகர் கண்ணுக்கு ஒரு சிவப்பு எழுத்தும் தெரியாது. 'வேண்டிய பக்கங்கள்' மட்டும் அறுபது பேர் கேட்பதாகச் சொல்லும். எந்தக் கட்டுரையாளரும் கேட்கவில்லை. வார்ப்புரு எட்டிப்பார்த்ததோடு சரி.

நீக்கல் நேரத்தில் கூத்து இன்னும் அதிகம். பக்கத்தை நீக்கிய நிர்வாகி, அதைச் சுட்டும் இணைப்புகளை எடுக்க 'இப்பக்கத்தை இணைத்தவை'யைத் திறக்கிறார். ஒவ்வொரு கட்டுரையாகத் தொகுக்கும் பெட்டியில் தேடுகிறார். தலைப்பே அகப்படாது, வார்ப்புருவுக்குள் இரண்டு மூன்று அளபுருக்களை ஒட்டித்தான் அந்தப் பெயர் உருவாகியிருக்கும். லுவா நிரலில் தலைப்பின் இருப்பைக் கேட்டாலும் இதே கதை. இன்னொரு பக்கம், யாருமே இணைக்காத கட்டுரையை எங்கோ ஒரு வார்ப்புரு சோதித்திருந்தால் போதும், இணைப்பில்லாதவற்றின் பட்டியலிலிருந்து அது தப்பிவிடும். இல்லாத தேவையைக் காட்டி, இருக்கும் குறையை மறைக்கும் பதிவேட்டைத் துல்லியம் என்று எந்த வாயால் சொல்வது?

சார்பும் இணைப்புதான் என்ற வாதம் மீடியாவிக்கியிடமே எடுபடாது. வார்ப்புருச் சார்புக்குத் தனி அட்டவணை, படத்துக்குத் தனி, பகுப்புக்குத் தனி என்று எப்போதோ பிரித்துவிட்டார்கள். இருப்புச் சோதனைக்கு மட்டும் இடமில்லாமல் போனது கொள்கையால் என்று நான் நம்பவில்லை, சோம்பல்தான். அதற்குள் எத்தனையோ விக்கிகளில் 'வேண்டிய பக்கங்கள்' யாரும் சீந்தாத பட்டியலாகிவிட்டது.

புது அட்டவணை வந்ததாலேயே எல்லாம் சரியாகிவிடாது. பழைய பதிப்பில் ஓடும் தனியார் விக்கிகள் ஏராளம். அங்கே வார்ப்புரு எழுதுகிறவர், சோதனை இல்லாமல் சிவப்பு இணைப்பையே விட்டுவிடலாம். அது அசிங்கமாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டுமே. அதைப் பார்த்துத்தான் யாராவது அந்தப் பக்கத்தை எழுத உட்காருவார்கள்.