மனிதனை நாய் கடித்தது

ஜெர்மன் நாவல்கள் தமிழில் வருவது எனக்குச் சந்தோஷந்தான். ஆனால் படிக்கும்போது ‘பட்டது, பட்டது’ என்று ஒரு சத்தம் காதை உறுத்துகிறது. கதவு திறக்கப்பட்டது, கடிதம் அவனால் படிக்கப்பட்டது. மூலத்திலேயே இப்படித்தானா என்று சந்தேகம் வந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். செயப்பாட்டுவினை அங்கும் உண்டு. ஆனால் நான் பார்த்த பல இடங்களில் அது இல்லை.

விஷயம் இதுதான். ‘டேர் ஹுண்ட் பைஸ்ட் டென் மான்’ என்றால் நாய் மனிதனைக் கடிக்கிறது. ‘டென் மான் பைஸ்ட் டேர் ஹுண்ட்’ என்று திருப்பிப் போட்டாலும் கடிப்பது நாயேதான். ‘டேர்’ எழுவாயைக் காட்டுகிறது, ‘டென்’ நம்முடைய ‘ஐ’யின் வேலையைச் செய்கிறது, ‘டேம்’ என்று வந்தால் அது நம் ‘கு’. நம் உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது. அவர்களுடையது முன்னால் வந்து நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். (ஆண்பால் ஒருமையில்தான் இத்தனை தெளிவு. பூனையும் எலியும் அங்கே பெண்பால்; இரண்டுக்கும் ‘டீ’ தான். எது எதைப் பார்த்தது என்பதை வரிசையையும் சந்தர்ப்பத்தையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.)

இங்கிலீஷில் இந்தச் சௌகரியம் கிடையாது. இடத்தை மாற்றினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான்! அதனால் மனிதனை முன்னே நிறுத்த விரும்பும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளர், ‘மனிதன் நாயால் கடிக்கப்பட்டான்’ என்று வளைக்கிறார். அவருக்கு வேறு வழியில்லை. நம்மவருக்கு என்ன வந்தது? ‘மனிதனை நாய் கடித்தது’ என்று வீட்டில் குழந்தைகூடச் சொல்கிறதே! இங்கிலீஷ்காரரின் நொண்டலை நாமும் நொண்டுவானேன்?

ஜெர்மனிலும் தமிழைப் போல வினை கடைசியில் வரும் என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அது பாதிதான் நிஜம். துணை வாக்கியத்தில் கடைசியில் வரும். தலைமை வாக்கியத்தில் இரண்டாவது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கூட்டுவினையானால் ஒரு துண்டு மட்டும் கடைசிக்குப் போய்விடும். வினைக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதை மார்க் ட்வெயின் 1880ல் எழுதிக் கேலி செய்தார். நமக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை; பிறந்தது முதல் காத்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஆனாலும் 1915ல் வெளிவந்த காப்காவின் ‘உருமாற்றம்’ என்னை மடக்கிவிட்டது. அதன் முதல் வாக்கியத்தில், அவன் தன்னைக் கண்டான் என்ற வினை நடுவிலேயே வந்துவிடுகிறது. உருமாறிப்போனவனாக என்ற சொல்தான் கடைசியில் விழுகிறது. தமிழிலோ ‘கண்டான்’ என்பது கடைசி இடத்தைப் பறித்துக்கொள்கிறது. திடுக்கிட வேண்டிய இடத்தில் வாசகன் வெறுமனே எதையோ காண்கிறான். ‘கண்டான்’ என்பதை முன்னால் தள்ளி இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். பைபிள் தமிழாகிவிட்டது, கிழித்துப் போட்டேன்.