முல்லோயாவும் மந்திரிமாரும்: மலையக இலக்கியத்தில் அதிகாரத்தின் முகம்

இலங்கையின் அரசியற்றிட்ட வரலாற்றை எழுதுவோர் 1940ஆம் ஆண்டின் முதல் மாதங்களை மந்திரிமார் நெருக்கடிக் காலமென்று குறிப்பிடுவர். மலையகத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர் அதே மாதங்களை முல்லோயாப் போராட்ட காலமென்று குறிப்பிடுவர். முன்னையவரின் நூல்களிலே கோவிந்தன் என்ற தொழிலாளியின் பெயர் ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடும். சில நூல்களில் அதுவும் இராது. பின்னையவரின் எழுத்துக்களிலோ கோவிந்தன் தியாகியாக நிலைபெறுகின்றான், மந்திரிமார் மறைந்துவிடுகின்றனர். ஒரே நிகழ்ச்சி இவ்வாறு இரு கூறாகப் பிளந்து கிடப்பது தற்செயலானதன்று என்பதும், மலையக இலக்கியத்தை நாம் இதுகாறும் மதிப்பிட்டு வந்த முறையிலும் அப்பிளவின் தழும்பு உண்டு என்பதும் இக்கட்டுரையிற் கூற முற்படுவனவாகும்.

கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக ஏறிச்செல்லும் பாதை ஹேவாஹெட்டப் பகுதியை அடைகின்றது. தேயிலை வரலாற்றில் இப்பகுதிக்குத் தனியிடம் உண்டு. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இப்பகுதியைச் சேர்ந்ததே. பாடநூல்கள் அதனை மறவாமற் கூறுகின்றன. முல்லோயாத் தோட்டமும் இதே மலைகளில்தான் உள்ளது. அது பாடநூல்களில் ஏறவில்லை. முதற் கொழுந்து வரலாறாகிவிட்டது. கொழுந்து பறித்தோர் கூலி உயர்வு கேட்டபோது விழுந்த வெடி வரலாறாகவில்லை.

1940 ஜனவரியில் லங்கா சமசமாஜக் கட்சியினர் அமைத்த தொழிற்சங்கத்தின் வழிகாட்டலில் முல்லோயாத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வே கோரிக்கை. ஜனவரி 10ஆம் திகதி பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் உயிரிழந்தான். எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அரசாங்கம் விசாரணைக் குழுவொன்றை நியமிக்க நேர்ந்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் அக்குழுவின் முன் தோன்றியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. இவ்வளவும் ஒரு பக்கத்துக் கதை.

மறுபக்கத்துக் கதை கொழும்பில் நடந்தது. வேலைநிறுத்தத்தோடு தொடர்புடைய வழக்குகளை ஒத்திவைத்தல் பற்றி உள்நாட்டு மந்திரி சேர் டி. பி. ஜயதிலக்க கொண்ட நிலைப்பாட்டைப் பொலிஸ் மா அதிபர் பாங்க்ஸ் ஏற்றுக்கொள்ளவில்லை. தேசாதிபதி சேர் அன்ட்ரூ கால்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கமே நின்றார். மந்திரிமார் அனைவரும் ஒருமிக்கப் பதவி துறந்தனர். பின்னர் இணக்கம் ஏற்பட்டது. துறந்தவர்களே மீண்டும் பதவியேற்றனர். நாடகம் அத்துடன் முடிந்தது.

இந்த நாடகத்தின் உள்ளியக்கத்தை விளங்கிக்கொள்வதற்கு டொனமூர் அரசியற்றிட்டத்தின் அமைப்பை நினைவிற்கொள்ள வேண்டும். 1931 முதல் 1947 வரை நிலைத்த அத்திட்டத்தின்படி அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு குழுவின் தலைவரும் மந்திரியாயினர். நிதி, சட்டம், பாதுகாப்பு முதலியன பிரித்தானிய அதிகாரிகள் மூவரிடம் இருந்தன. ஆகவே மந்திரி என்பவர் காணிக்கும் கல்விக்கும் தொழிலுக்கும் பொறுப்பானவர். ஆனால் தமது திணைக்களத்தைச் சேர்ந்த பொலிஸ் மா அதிபர்கூடத் தமது சொல்லைக் கேட்பாரா என்பது நிச்சயமற்றது. 1940இல் மந்திரிமார் துறந்தது கோவிந்தனுக்காக அன்று. பொலிசார் சுட்டது சரியா என்ற வினாவை அவர்கள் பிரச்சினையாக்கவில்லை. பொலிசாருக்குக் கட்டளையிடும் உரிமை யாருடையது என்பதே அவர்களது வினா. குடியேற்ற நாட்டு முதலாளி வர்க்கம் தனது எசமானிடம் அதிகாரப் பங்கு கேட்டு நடத்திய வழக்கிலே கோவிந்தனின் உடல் ஒரு சான்றுப் பொருளாயிற்று.

இவ்விடத்தில் பிரான்சை நினைவுகூர்தல் பயனுடையது. மூன்றாம் குடியரசின் மந்திரிமாரைப் பற்றி நம்மவர் படிப்பது குறைவு. படித்தாலும் திரைபுஸ் வழக்கோடு நின்றுவிடுகிறோம். 1908 ஜூனில் பாரிசுக்கு அணித்தான திராவேயில் மணல் அகழும் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூலை இறுதியில் வில்னெவ் சேன் ஜோர்ஜில் மேலும் நால்வர். அப்போது பிரதமராகவும் உள்நாட்டு மந்திரியாகவும் ஒருங்கே இருந்தவர் கிளெமென்ஸோ. அதே மந்திரிசபையில் தொழில் மந்திரியாக இருந்த விவியானி சோஷலிஸ்டாக அரசியலுக்கு வந்தவர். பொது வேலைநிறுத்தத்தின் பிரசாரகராக ஒருகாலத்திற் பேர்பெற்ற பிரியான், 1910இற் பிரதமராக இருந்தபோது புகையிரதத் தொழிலாளரை இராணுவ சேவைக்கு அழைத்து வேலைநிறுத்தத்தை முறியடித்தார். அங்கே கட்டளையிட்டவர் யார் என்ற ஐயத்துக்கு இடமில்லை. மந்திரியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தமையால் இலக்கியத்திலும் அது பதிந்தது.

அனதோல் பிரான்சின் 'பெங்குவின் தீவு' 1908இலேயே வெளிவந்தது என்பதை இங்குக் குறிப்பிடலாம். மந்திரிமாரின் அங்கதச் சித்திரங்கள் அதில் மலிந்துள்ளன. ஆயினும் நமது நோக்கில் அதனினும் முக்கியமானவர் ஸோலா. சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தையும் அவர்மீது படையினர் சுடுவதையும் கூறும் 'ஜெர்மினல்' (1885) நம்மவர் நன்கறிந்த நாவல். மந்திரியொருவரின் எழுச்சி வீழ்ச்சிகளைக் கூறும் அவரது மற்றொரு நாவலை (1876) அறிந்தோர் சிலரே. அந்த மந்திரி யூஜேன் ரூகோன். 'ஜெர்மினல்' நாவலின் நாயகன் எத்தியேன். இருவரும் ஒரே குடும்ப மரத்தின் இரு கிளைகள்! பரம்பரை பற்றிய ஸோலாவின் கொள்கை இன்று எவருக்கும் ஏற்புடையதன்று. நாமும் அதை ஏற்கவில்லை. ஆனால் அக்கொள்கை அவருக்கு ஒரு வசதியைத் தந்தது. சுரங்கத்தின் அடியையும் மந்திரியின் அறையையும் ஒரே கட்டமைப்பின் இரு பகுதிகளாக அவராற் காட்ட முடிந்தது.

நமது மலையகப் புனைகதைக்கு அந்த மரம் வாய்க்கவில்லை. நாமறிந்த நாவல்களிலும் சிறுகதைகளிலும் அதிகாரத்தின் ஏணி கங்காணியில் தொடங்கிக் கணக்கப்பிள்ளை வழியாகத் துரையின் பங்களாவில் முடிகின்றது. பெரட்டுக் களமும் லயமும் கொழுந்து நிறுக்கும் மடுவமும் நுணுக்கமாக வருகின்றன. துரைக்கு அப்பால் ஒரு அரசு உண்டு, அந்த அரசில் மந்திரி என்றொருவர் உண்டு என்ற உணர்வு பெரும்பாலும் இல்லை. தி. ஞானசேகரனின் 'குருதிமலை' (1979) போன்ற படைப்புக்களிலே அரசு தோட்டத்துக்குள் நுழைவதை உணர்கிறோம். தோட்டக் காணியைப் பிரித்துக் குடியேற்ற வருவோரை எதிர்த்துத் தொழிலாளர் திரள்வதே அந்நாவலின் உயிர்நிலை. அங்கும் அதிகாரம் வந்து சேரும் இடத்திலேதான் அது காட்டப்படுகிறது. புறப்படும் இடம் இருளிலே உள்ளது.

இதற்கு எழுத்தாளரைக் குறைகூறுவதிற் பயனில்லை. தோட்டம் என்பது நாட்டுக்குள் ஒரு தனிநாடாகவே அமைக்கப்பட்டது. அதன் எல்லையைக் கடந்தவனுக்குப் பத்துச்சீட்டு. எல்லைக்குள் வருபவனுக்கு அத்துமீறல் வழக்கு. அனுபவத்தின் எல்லை அங்ஙனம் வகுக்கப்பட்டபோது கற்பனையின் எல்லையும் அவ்வாறே அமைந்தது. ஆனால் விமர்சகருக்கு அந்தச் சாட்டு இல்லை. முற்போக்கு விமர்சகராகிய நாம், மலையக எழுத்தில் சோகத்தையும் சுரண்டலையும் தேடிக் கண்டு பாராட்டினோமேயன்றி, அரசு எங்கே என்று கேட்டோமல்லோம். தொழிலாளியின் கண்ணீரைக் காட்டினால் யதார்த்தவாதம் நிறைவேறிவிட்டதாக எண்ணினோம். இது நமது குறை.

ஆயின் மந்திரி தோன்றும் எழுத்தே மலையகத்தில் இல்லையா? உண்டு. அது நாவலிலன்று, பாட்டுப் பிரசுரங்களில் உள்ளது. கோ. நடேசய்யர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தவர். 1936 முதல் அற்றன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபையில் அமர்ந்தவர். அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாடியவர். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாட்டுப் பிரசுரம் 1940இல் வெளிவந்தது. முல்லோயாவின் ஆண்டும் அதுவே. அப்பாடல்களில் மந்திரிமாரின் கூற்றுக்களை அவர் நேருக்கு நேர் எடுத்துப் பழிக்கின்றார். துரையைப் பற்றிய முறைப்பாடன்று அது. ஆளும் அதிகாரத்தோடு நடத்தும் வாதம். மக்களறிந்த மெட்டுக்களிற் கட்டப்பட்டு அச்சேறிக் கூட்டங்களிற் பாடப்பட்ட இவ்வெழுத்தை நாம் பிரசாரம் என்று ஒதுக்கி, இலக்கிய வரலாற்றின் அடிக்குறிப்பிலே வைத்தோம்.

ஒதுக்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. மீனாட்சியம்மாள் அவர்களைச் சிங்கள மந்திரிகள் என்றே அழைக்கிறார். வர்க்கத்தை இனமாகக் காணும் பிறழ்வு இதுவென்று நமது முகாம் முகஞ்சுளித்தது. சற்று ஆழ்ந்து நோக்குவோம். 1931ஆம் ஆண்டு மந்திரிசபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாக இருந்தவர் பெரி. சுந்தரம், மலையகத்தைச் சேர்ந்த இந்திய வம்சாவளித் தமிழர். 1936இல் தனிச்சிங்கள மந்திரிசபை அமைந்தது. ஏழு குழுக்களிலும் சிங்களவரே தலைவராகும்படி உறுப்பினரைக் கணக்கிட்டுப் பங்கிட்டதன் விளைவு அது. (அக்கணக்கிற்கு உதவியவராகக் கூறப்படுபவர் ஒரு தமிழ்க் கணிதப் பேராசிரியர் என்பது வரலாற்றின் குறும்பு.) 1939இல் அரசாங்க வேலைத்தலங்களிலிருந்து இந்திய நாட்கூலிகளை நீக்கும் முடிவை எடுத்தது அம்மந்திரிசபையே. அதற்கு எதிர்வினையாக அதே ஆண்டு ஓகஸ்டில் இந்தியா தொழிலாளர் வருகையைத் தடைசெய்தது. ஆகவே மீனாட்சியம்மாள் கண்ட இனம் வெறும் மாயையன்று. இனவாதம் வர்க்க ஆட்சியின் கருவியாகச் செயற்பட்ட அந்தக் கணத்தை அவர் தம் கண்முன் கண்டபடி பெயரிட்டார். அவரது பார்வையின் குறை வேறிடத்திலுள்ளது. பெரி. சுந்தரம் மந்திரியாயிருந்த ஐந்தாண்டுகளில் லயத்தின் வாழ்வு மாறவில்லை என்பதற்கு அப்பார்வையில் விளக்கம் இல்லை.

வர்க்கத்தைக் கண்டவர்களின் நிலை என்ன? அதனையும் கேட்டாக வேண்டும். முல்லோயாவின் தலைமை சமசமாஜிகளுடையது. சில மாதங்களில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் முதலியோர் சிறைவைக்கப்பட்டனர். கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து அவர்கள் தப்பியது 1942 ஏப்ரலில். அவர்களது துணிவு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. 1948இல் டி. எஸ். சேனநாயக்கா அரசு பிரசாவுரிமைச் சட்டத்தைக் கொணர்ந்தபோது சபையில் அதை எதிர்த்ததும் அவர்களே. 1970இல் கொல்வின் பெருந்தோட்டக் கைத்தொழில் மந்திரியானார். கோவிந்தனின் மனைவிக்காக வழக்காடியவரின் கையில் இப்போது தோட்டங்களே வந்தன. 1975இன் காணிச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. இடைப்பட்ட 1973, 1974ஆம் ஆண்டுகளில் அதே தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பிரசாவுரிமையற்றோர் வாக்கற்றோராகவே இருந்தனர்.

1899இல் மில்லராண் முதலாளித்துவ மந்திரிசபையொன்றிற் சேர்ந்தபோது உலக சோஷலிஸ்டுகள் விவாதித்தது இதனையே. பாரிஸ் கொம்யூனை ஒடுக்கிய தளபதி கலிஃபே அதே மந்திரிசபையில் யுத்த மந்திரியாக அமர்ந்திருந்தார். மில்லராண் பின்னர் குடியரசின் தலைவராகவே ஆனார். கொல்வினை மில்லராணோடு ஒப்பிடுவது அநீதியெனச் சிலர் கூறுவர். ஓரளவுக்கு அது உண்மையே. தோட்டங்கள் அரசுடைமையானது பொய்யன்று. தனிமனிதரின் துரோகமென்று கூறிவிட்டால் எளிதில் முடிந்துவிடும். அப்படி முடித்துக்கொண்டால் 1940இல் ஜயதிலக்காவின் நாற்காலியும் 1970இல் கொல்வினின் நாற்காலியும் தோட்டத் தொழிலாளியை ஏன் ஒரே உயரத்திலிருந்து நோக்கின என்ற வினா எழாமலே போகும். நாவலுக்குரிய வினா அதுதான். வரலாற்று நூலுக்கு அதைத் தாங்கும் பொறுமை குறைவு.

அண்மைய ஆண்டுகளில் ஜனவரி 10 மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகிறது. 1977 மேயில் டெவன் தோட்டத்திற் காணி பறிப்பை எதிர்த்தபோது சுடப்பட்ட சிவனு லெட்சுமணனின் பெயரும் கோவிந்தனின் பெயரோடு சேர்த்துக் கூறப்படுகிறது. இது வேண்டியதே. ஆனால் தியாகிகளின் பட்டியல் நீளும்போது ஒவ்வொரு பெயரும் தனித்தனியே உயர்ந்து புனிதமாகிறது. அதற்கெதிரே நின்ற அரசோ பெயரற்ற தீவினையாகி ஊழ்போலத் தோன்றுகிறது. அன்றைய மந்திரி யார், அவர் என்ன கூறினார், சபையில் யார் கைதூக்கினர் என்பவற்றை நினைவுரைகளிலே கேட்பதரிது.

ஆய்வு மாணவருக்கு நாம் பரிந்துரைப்பது ஒரு சிறு வேலை. மீனாட்சியம்மாளின் பாட்டுப் பிரசுரத்தையும் 1940ஆம் ஆண்டின் அரசாங்க சபை ஹன்சாட்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்கலாம். மந்திரி ஆங்கிலத்திற் கூறியது தமிழில் எந்த மெட்டுக்குள் வந்து சேர்ந்தது, வரும் வழியில் எது கூர்மையடைந்தது, எது விடுபட்டது என்று வரிவரியாகப் பார்க்கலாம். பேராதனையிலிருந்து ஹேவாஹெட்டவுக்குப் பேருந்து ஏறுவது அதன் பின்னர்.